பிழைக்குறியைப் பிரித்துப் படித்தல்

ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவத்தில் ஆராய்ச்சி மாணவர் விடுதிகளில் அடிக்கடி எழும் அபயக்குரல் "லேப்டாப் ஆன் ஆகவில்லை" என்பது. இவ்வாக்கியம் ஏறத்தாழ எதையும் தெரிவிப்பதில்லை. மின்சாரம் ஏறாமை, வட்டு தென்படாமை, இயங்குதளம் பாதிவழியில் நின்றுபோதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு நோய்கள். அவற்றை வேறுபடுத்திக் காட்டுவது திரையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் கிடக்கும் குறியெண். பெரும்பாலோர் அதைப் படிக்குமுன் கணினியை அணைத்துவிடுகின்றனர்.

ஹைதராபாதில் மொழியியல் ஆய்வு மேற்கொண்டிருந்த மாணவி ஒருவரின் விண்டோஸ் கணினி ஒரு காலையில் இவ்வாறு நின்றது. ஆதிலாபாத் வட்டாரத்தில் கோலாமி பேசும் முதியோரிடம் மூன்று ஆண்டுகளாகச் சேகரித்த ஒலிப்பதிவுகள் அதில் மட்டுமே இருந்தன. கதை சொன்னவர்களுள் இருவர் அதற்குள் மறைந்துவிட்டனர். பழுதுபார்க்கும் கடையில் திரையை ஒருமுறை நோக்கிவிட்டு, ஃபார்மேட் செய்வதே வழி என்றனர். அவர் கணினியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, குறியெண்ணைத் தாளில் எழுதினார்: 0எக்ஸ்சி000000எஃப்.

பகுபதத்தைப் பகுதி, விகுதி எனப் பிரித்துப் பழகிய கண்ணுக்கு இதுவும் ஒரு பகுபதமே. 0எக்ஸ் என்பது பதினாறின் அடியிலான எண் என்பதற்கான அடையாளம். அடுத்து வரும் சி, இரும எண்ணில் 1100. அதன் முதல் இரண்டு பிட்டுகள் நிகழ்வின் கடுமையைக் குறிக்கின்றன: 00 வெற்றி, 01 தகவல், 10 எச்சரிக்கை, 11 பிழை. எனவே சி என்று தொடங்குவது பிழை. இடைப்பகுதி பிழை எழுந்த துறையைச் சொல்கிறது. கடைசி நான்கு இலக்கங்களே குறிப்பிட்ட காரணம்.

இறுதி எழுத்து எஃப் எனில், தேடிய கோப்பு இல்லை என்பது பொருள். அதே இடத்தில் ஈ இருந்தால், தேடிய சாதனமே இல்லை. மரம், மறம் போல ஓரெழுத்து வேறுபாட்டில் பொருள் மாறும் இணை இது. ஈ எனில் வட்டின் இணைப்பையும் உடல்நலத்தையும் முதலில் ஐயுற வேண்டும். எஃப் எனில் பெரும்பாலும் வட்டு தென்படுகிறது. தொடக்க உள்ளமைவுக் கோப்பு சிதைந்திருக்கலாம். எனினும் வட்டின் பழுதே கோப்பைத் தின்றிருக்கவும் கூடும். ஆகவே எந்த நிலையிலும் நகலெடுத்தல் முதலில், பழுதுநீக்கம் பின்னர். அம்மாணவி லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் வழியே கணினியை இயக்கி, பதிவுகளை வெளி வட்டுக்கு மாற்றினார். அதன் பின்னரே உள்ளமைவுக் கோப்பை மறுபடி உருவாக்கினார். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியின்றி இது கைகூடாது.

பதிவேடுகளைப் படிப்பதிலும் இதே நிதானம் வேண்டும். விண்டோஸின் தானியங்கிப் பழுதுநீக்கி விட்டுச்செல்லும் அறிக்கையில் ஒவ்வொரு சோதனையின் கீழும் 'பிழைக்குறி 0எக்ஸ்0' என்றிருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சுழியம் என்றால் பிழை இல்லை. கவனிக்க வேண்டியது சுழியம் அல்லாத வரியை. இயக்கிகளின் தொடக்கப் பதிவேட்டிலோ 'ஏற்றப்படவில்லை' என்ற வரிகள் நலமான கணினியிலும் நிறைய உண்டு. தனியே நோக்கினால் அவை ஒன்றும் உணர்த்தா. நன்றாகத் தொடங்கிய நாளின் பதிவோடு ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததைத் தேட வேண்டும். சுவடிகளின் பாடபேதம் பார்ப்போர் செய்வதும் இதுவே.

ஒரு மொழியின் குரல்கள் ஒற்றை வட்டில் தங்கியிருக்கும் நிலை களப்பணியாளர் பலருக்கும் பொதுவானது. இரண்டாவது நகல் எடுப்பதற்கு வட்டு பழுதாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழுதாகிவிட்டால், திரையை அணைக்குமுன் குறியெண்ணைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளலாம். அந்த எண் என்னவென்று கேளாமலே மருந்து சொல்பவரிடம் மட்டும் வட்டைக் கொடுத்துவிடக் கூடாது.