ஒத்திகை இல்லாத மேடை

நவீன நாடகம் பற்றிப் பேசுபவர்கள் தெருக்கூத்தைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்திலிருந்து பெற்றுக்கொண்டது அதிகம். ஆனால் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்துக் கிராமங்கள் திருவிழா இரவுகளில் விழித்திருந்து பார்க்கும் ஸ்பெஷல் நாடகத்தை நம் சிறுபத்திரிகை உலகம் பெரும்பாலும் பொருட்படுத்தியதில்லை. பார்ஸி நாடகத்திலிருந்து வந்த படுதா, ஆர்மோனியம், நடுவே சினிமாப் பாட்டு, பபூனின் இரட்டை அர்த்தம். தொன்மையைத் தேடுபவர்களுக்கு இந்தக் கலப்பில் என்ன கிடைக்கும்?

எனக்கு நிறையக் கிடைத்திருக்கிறது. இந்த நாடகத்துக்கு நிரந்தரக் குழு கிடையாது. இயக்குநரும் ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொருவரையும் தனித்தனியாக அந்த ஓர் இரவுக்கு மட்டும் பேசி அழைக்கிறார்கள். (ஸ்பெஷல் என்ற பெயரே அதனால் வந்ததுதான்.) ஒருவர் மதுரையிலிருந்து வருவார், மற்றவர் திண்டுக்கல்லிலிருந்து. ஒப்பனைக் கொட்டகையில்தான் முதன்முதலாக முகம் பார்த்துக்கொள்வதும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் இது சாத்தியமாகிறது. பாட்டு சுவாமிகளுடையது. வசனத்தில் பெரும்பகுதி அந்த இரவில் பிறப்பது.

வள்ளி திருமணத்தின் தர்க்கக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தினைப்புனத்துக்கு வரும் நாரதரிடம் வள்ளி வாதம் செய்கிறாள், பிறகு வேடனாக வரும் முருகனிடமும். எதிரில் நிற்பவர் என்ன கேட்பார் என்பது நடிகைக்கு முன்கூட்டித் தெரியாது. பின்னிரவு மூன்று மணிக்கு, பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் முதியவர் ஒருவர் பதில் சரியில்லையென்று உச்சுக்கொட்டியதைக் கேட்டிருக்கிறேன். விட்டுப்போன பாட்டு எது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தேர்ந்த பார்வையாளர் இல்லை என்று கருத்தரங்குகளில் வருந்துகிறோமே, அவர் இங்கேதான் இருக்கிறார், வெற்றிலை மென்றுகொண்டு.

ஊர் நடுவே ஒரு பெண் ஆணை வாதத்தில் மடக்குவதைக் கைதட்டி ரசிக்கும் அதே ஊர், அவள் மேடையை விட்டு இறங்கியதும் நாடகக்காரி என்று ஒதுக்குகிறது. அந்த இழிவோடு நடிகைகள் எப்படி வாழ்கிறார்கள், இரவுப் பயணத்தில் பிறர் கண்ணில் படாமலிருக்க என்னவெல்லாம் செய்கிறார்கள் என்பதை 2005-ல் விரிவாக எழுதியவர் சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர். ஆங்கிலத்தில்தான் எழுதினார். கலப்பு என்று நாம் முகம் சுளிப்பதும், ஊர் அவளை ஒதுக்குவதும் ஒரே இடத்திலிருந்து வருவதாகவே எனக்குப் படுகிறது.

பங்குனி, சித்திரையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் சுவரொட்டிகளைப் பாருங்கள். நாடகம் பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும். பபூன் பகுதியோடு எழுந்துவிடாதீர்கள், வள்ளி வருவதற்கு நள்ளிரவு தாண்டிவிடும்.