நெருப்புநரிக்கு எங்கட கையும் வேணும்

எங்கட பக்கத்தில் யாரிடமாவது "என்ன பிரவுசர் பாவிக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "கூகுள்" என்று பதில் வரும். பிரவுசர் வேறு, தேடுபொறி வேறு, இணையம் வேறு என்பது முகத்துவாரத்திலும் சரி, வெள்ளவத்தையிலும் சரி, நிறையப் பேருக்கு ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. அவர்களைக் குறை சொல்ல ஏலாது. போன் வாங்கும்போதே குரோம் உள்ளே இருக்கிறது. தொட்டால் கூகுள் வருகிறது. வேறொன்று இருக்கிறது என்று யார் சொல்லித் தந்தார்கள்?

அந்த வேறொன்றைப் பற்றித்தான் கதைக்கப் போகிறோம். பயர்பொக்ஸ். எங்களுக்கு முந்தின செட் தமிழ் வலைப்பதிவர்கள் செல்லமாக "நெருப்புநரி" என்று கூப்பிட்டது. ஒரு காலத்தில் உலகத்தில் மூன்றில் ஒரு பங்கினர் பாவித்த இந்தப் பிரவுசர், இன்றைக்கு நூற்றில் மூன்று பேர்கூட இல்லாத நிலைக்கு வந்திருக்கிறது. அதன் கதையில் எங்கட மொழிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பலருக்கு அது தெரியாது.

கம்பனி போனாலும் நிரல் போகவில்லை

1998 மார்ச் 31. மைக்ரோசொஃப்ட்டிடம் தோற்றுக்கொண்டிருந்த நெட்ஸ்கேப் கம்பனி, தன் பிரவுசரின் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. யாரும் எடுக்கலாம், வாசிக்கலாம், திருத்தலாம். அதிலிருந்து வளர்ந்ததுதான் மொஸில்லா. நெட்ஸ்கேப் இல்லாமல் போன பிறகும் நிரல் தப்பியது. 2003இல் அதைப் பராமரிக்க இலாப நோக்கம் இல்லாத மொஸில்லா அறக்கட்டளை உருவானது.

பிரவுசருக்கு முதல் வைத்த பெயர் பீனிக்ஸ். பெயர்ச் சிக்கல் வர பயர்பேர்ட் ஆனது. அதிலும் சிக்கல் வர 2004 பெப்ரவரியில் பயர்பொக்ஸ் ஆனது. அந்த வருடம் நவம்பர் 9ஆம் திகதி 1.0 வெளிவந்தது. அப்போது உலகம் முழுக்க இன்டர்நெட் எக்ஸ்புளோரர்தான். அந்தப் பிரவுசரோ 2001க்குப் பிறகு புதிய பதிப்பே இல்லாமல் கிடந்தது. போட்டி இல்லாதவன் என்னத்துக்கு உழைக்கப் போறான்? பயர்பொக்ஸ் ரசிகர்கள் தங்கள் கைக்காசைச் சேர்த்து, 2004 டிசம்பரில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் இரண்டு பக்க விளம்பரம் போட்டார்கள். காசு கொடுத்த ஆயிரக்கணக்கானவர்களின் பெயர்கள் அந்த விளம்பரத்திலேயே இருந்தன. 2008 ஜூனில் பயர்பொக்ஸ் 3 வந்தபோது ஒரே நாளில் 80 இலட்சம் பேருக்கு மேல் தரவிறக்கினார்கள். அது கின்னஸ் சாதனையானது.

தமிழ் உடைந்த காலம்

அந்தப் பயர்பொக்ஸ் 3 எங்களுக்கு முக்கியமான பதிப்பு. காரணம் கின்னஸ் இல்லை.

அதற்கு முந்தின பதிப்புகளில் தமிழுக்கு ஒரு பெரிய தலையிடி இருந்தது. பத்தியை இரண்டு ஓரமும் சமமாக வருகிற மாதிரி அமைத்தால், எழுத்துகள் உடைந்துபோகும். "கொ" என்ற எழுத்தை எடுங்கள். கணினிக்குள் அது "க" ஒன்றும் ஒகரக் குறி ஒன்றுமாகத்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போதோ குறியின் ஒரு பாதி முன்னுக்கும் மறுபாதி பின்னுக்கும் போக வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து எழுதிய நிரல், வரியை இழுத்துச் சமப்படுத்தும்போது ஒவ்வொரு குறியையும் தனித்தனி எழுத்து என்று நினைத்துப் பிரித்துப் போட்டது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். தமிழ் வலைப்பதிவர்கள் இதற்காகவே தங்கள் வார்ப்புருக்களில் ஓரச் சமப்படுத்தலை நீக்கினார்கள். பயர்பொக்ஸ் 3இல் எழுத்துகளைக் கையாளும் பகுதியே திருத்தி எழுதப்பட்டது. தமிழ் நிமிர்ந்தது.

இன்னொரு பக்கம் நீட்சிகள். யூனிகோட் பரவாத காலத்தில் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகையின் இணையத்தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை என்றால் செய்திக்குப் பதிலாகக் கிறுக்கல்தான் தெரியும். "பத்மா" என்ற பயர்பொக்ஸ் நீட்சி அந்தக் கிறுக்கலை அந்த இடத்திலேயே யூனிகோட்டாக மாற்றிக் காட்டியது. தெலுங்குக்காகத் தொடங்கிய வேலை, தமிழுக்கும் உதவியது. "தமிழ்விசை" என்ற நீட்சி பிரவுசருக்குள்ளேயே தமிழில் தட்டெழுத வழி செய்தது. இதையெல்லாம் எந்தக் கம்பனியும் சந்தை ஆய்வு நடத்திச் செய்யவில்லை. தேவைப்பட்டவர்கள் செய்தார்கள். செய்ய இடம் கொடுத்த பிரவுசர் பயர்பொக்ஸ்.

இலங்கைத் தமிழுக்கு ஒரு பதிப்பு

2010இல் வந்த பயர்பொக்ஸ் 3.6இன் மொழிப் பட்டியலில் இரண்டு தமிழ் இருந்தது. ஒன்று "தமிழ்". மற்றது "தமிழ் (இலங்கை)".

யோசித்துப் பாருங்கள். கொழும்பில் ஒரு பஸ் பலகையில் சரியான தமிழ் வருவதே பெரும்பாடு. உலகப் பிரவுசர் ஒன்றில் எங்கட தமிழுக்கு என்று தனியாக ஒரு இடம் இருந்தது. நாங்கள் "தரவிறக்கம்" என்கிறோம், தமிழ்நாட்டில் "பதிவிறக்கம்". நாங்கள் "பாவிக்கிறோம்", அவர்கள் "பயன்படுத்துகிறார்கள்". இந்த வித்தியாசத்துக்கு மதிப்புக் கொடுத்த ஏற்பாடு அது.

இன்றைய பட்டியலில் "தமிழ்" மட்டும்தான் இருக்கிறது. இலங்கைப் பதிப்பு இல்லை.

இந்த இடத்தில் திறந்த மூலத்தின் ஒரு கஷ்டத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். 2011 வரை பயர்பொக்ஸின் பெரிய பதிப்பு ஒன்று வர ஒரு வருடமோ கூடவோ எடுக்கும். குரோமின் வேகத்துக்கு ஈடுகொடுக்க 2011இல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள். 2020இல் அது நான்கு வாரம் ஆனது. ஒவ்வொரு பதிப்பிலும் புதுப் பொத்தான், புது எச்சரிக்கை, புது அமைப்பு. அவ்வளவையும் யாரோ ஒருவர் தமிழாக்க வேண்டும். மொழிபெயர்க்காத இடத்தில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இது முடிகிற வேலை இல்லை, வீட்டு வாசல் கூட்டுகிற மாதிரி. இதில் ஒரே மொழிக்கு இரண்டு பதிப்பு என்றால் இரண்டு குழு, இரண்டு மடங்கு வேலை.

நாங்கள் சிலர் கொஞ்ச நாளாகப் பயர்பொக்ஸைத் தமிழில் வைத்துப் பாவிக்கிறோம். "டேப்" என்பதற்குக் "கீற்று" என்று போட்டிருக்கிறார்கள். முதலில் சிரிப்பு வந்தது. இப்ப பிடிச்சுப் போச்சு. தென்னங்கீற்று மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக இருக்கிறதுதானே. யாரோ ஒருவர் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து யோசித்த சொல் அது. அதே திரையில் புதிதாக வந்த வசதிகளைத் திறந்தால் பாதி ஆங்கிலம். அந்த யாரோ ஒருவருக்குப் பிறகு ஆள் வரவில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

எதிரியின் காசில் ஓடுகிற வண்டி

இனிப் பெரிய சிக்கல். பயர்பொக்ஸ் இலவசம். அப்ப அதைச் செய்கிறவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கூகுளிடமிருந்து. பயர்பொக்ஸில் கூகுளை முதல் தேடுபொறியாக வைத்திருப்பதற்குக் கூகுள் காசு கொடுக்கிறது. 2025 மே மாதம் மொஸில்லாவின் நிதி அதிகாரி அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்: மொஸில்லாவின் வருமானத்தில் சுமார் 90 வீதம் பயர்பொக்ஸிலிருந்து வருகிறது, அதிலும் சுமார் 85 வீதம் கூகுள் ஒப்பந்தத்திலிருந்து.

அதாவது குரோமுக்கு மாற்றாக நிற்கிற பிரவுசர், குரோமின் முதலாளி தருகிற காசில் நிற்கிறது. கூகுளின் தேடல் ஏகபோகம் சட்டவிரோதம் என்று 2024 ஓகஸ்ட்டில் தீர்ப்பு வந்தபோது, சந்தோஷப்பட வேண்டிய மொஸில்லாவே பயந்தது. இப்படிக் காசு கொடுப்பதை நீதிமன்றம் தடை செய்தால் பயர்பொக்ஸின் கதி என்ன? 2025 செப்டெம்பரில் வந்த உத்தரவு காசு கொடுப்பதை முற்றாகத் தடுக்கவில்லை. இப்போதைக்கு மூச்சு விடலாம், அவ்வளவுதான்.

மொஸில்லாவும் பிழை விடாத அமைப்பு இல்லை. பயர்பொக்ஸ் ஓ.எஸ். என்று ஒரு மலிவு போன் கனவு கண்டார்கள். 2014இல் இந்தியாவில் இரண்டாயிரம் ரூபாவுக்குள் அந்தப் போன் விற்பனைக்கு வந்தது. 2015 முடிவில் கைவிட்டார்கள். 2020 ஓகஸ்ட்டில் சுமார் 250 பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சேர்வோ என்ற புதிய பிரவுசர் எஞ்சினைக் கட்டிக்கொண்டிருந்தவர்களும் அதில் அடக்கம். எதிர்காலத்துக்கு விதைத்த கைகளையே வெட்டினால் கோபம் வராதா?

ஆனால் இதையும் கவனியுங்கள். பயர்பொக்ஸ் ஓ.எஸ்.ஸின் நிரலை எடுத்து வேறு ஆட்கள் காய் ஓ.எஸ். செய்தார்கள். இந்தியாவில் இலட்சக்கணக்கானவர்களின் கைக்குப் போன ஜியோ பட்டன் போன் அதில்தான் ஓடியது. கைவிடப்பட்ட சேர்வோ லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் போய் இன்றும் வளர்கிறது. அந்தரியாஸ் கிளிங் என்ற நிரலாளர் தன் சொந்த இயங்குதளத்துக்காக விளையாட்டாகத் தொடங்கிய லேடிபேர்ட், 2024இலிருந்து தனிப் பிரவுசர் திட்டமாக வளர்கிறது. தேடுபொறி ஒப்பந்தக் காசு வேண்டாம், நன்கொடை மட்டும் போதும் என்பது அவர்களின் கொள்கை. கூகுள், மொஸில்லா, அப்பிள் மூவரிடமும் கடன் வாங்காமல் புதிய எஞ்சின் ஒன்றை முதலிலிருந்தே எழுதுகிறார்கள். அது எவ்வளவு தூரம் போகும் என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, எங்களுக்கு என்ன?

"குரோம் நல்லா வேலை செய்யுதே மச்சான், பிறகு என்னத்துக்கு இது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குரோமின் அடித்தளமான குரோமியமும் திறந்த மூலம்தான். அதன் வேர் கே.எச்.டி.எம்.எல். என்ற, தன்னார்வலர்கள் எழுதிய எஞ்சினில் இருக்கிறது. நிரல் திறந்திருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்கிறவர் யார்? மைக்ரோசொஃப்ட் எட்ஜ், ஒபேரா, பிரேவ் எல்லாம் அதே குரோமியத்தில்தான் ஓடுகின்றன. மட்டக்குளியிலிருந்து வத்தளைப் பக்கம் போக ஒரே ஒரு பாலம்தான் இருக்கிறது, அதுவும் ஒரு கம்பனியின் பாலம் என்று வையுங்கள். இன்றைக்கு இலவசமாக விடுவார்கள். நாளைக்கு எந்த வண்டியை விடுவது என்பதையும் அவர்கள்தான் சொல்வார்கள்.

இது கற்பனை இல்லை. குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றியதில், விளம்பரங்களைத் தடுக்கும் யூபுளொக் ஒரிஜின் அங்கே நின்றுபோனது. பயர்பொக்ஸில் அது ஓடுகிறது, அன்ட்ரொய்ட் போனிலும். டேட்டா கார்ட் போட்டு நாளைக் கொண்டுபோகிற எங்களுக்கு விளம்பரம் வெறும் எரிச்சல் மட்டுமில்லை. ஒவ்வொரு விளம்பர வீடியோவும் எங்கட காசில்தான் இறங்குகிறது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி ஆனது. ஆனாலும் பெயர்ப்பலகைகளில் எங்கட மொழி படுகிற பாடு தெரியும்தானே. எழுத்துப் பிழையைக் கண்டால் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுச் சிரிக்கிறோம், பிறகு பஸ் ஏறிப் போகிறோம். அதைத் திருத்துகிற அதிகாரம் எங்கட கையில் இல்லை. பயர்பொக்ஸில் இருக்கிறது. பொன்டூன் என்ற மொஸில்லாவின் மொழிபெயர்ப்புத் தளத்தில் கணக்குத் தொடங்கி, தமிழைத் தெரிவுசெய்தால், மொழிபெயர்க்காத வரிகள் கண்முன்னே வரிசையாக வரும். ஒன்றைத் தமிழில் எழுதிப் பரிந்துரைக்கலாம். அனுமதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பார்த்து ஏற்றுக்கொண்டால் அது பிரவுசருக்குள் போகும். கோடிங் தெரியத் தேவையில்லை. தமிழ் தெரிந்தால் போதும்.

"தமிழ் (இலங்கை)" திரும்பி வர வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. இருக்கிற ஒரு தமிழையே முடிக்க ஆள் இல்லாதபோது இன்னொன்றைத் திறந்து என்ன செய்வது? அந்த ஒரே தமிழுக்குள் திருச்சிக்காரரும் திருகோணமலைக்காரரும் உட்கார்ந்து "தரவிறக்கமா, பதிவிறக்கமா" என்று சண்டை பிடித்தாலும் பரவாயில்லை. சண்டை பிடிக்க ஆள் இருப்பதே பெரிய விஷயம்.

நெட்ஸ்கேப் போனபோதும் சேர்வோ குழு கலைந்தபோதும் நிரல் தப்பியது. எழுதி வைத்த நிரலை எவரும் எப்போதும் எடுத்து ஓட்டலாம். மொழிபெயர்ப்பு அப்படி இல்லை. நான்கு வாரம் தொடாமல் விட்டால் அது பழசாகத் தொடங்கிவிடும். பயர்பொக்ஸின் காசுப் பிரச்சினையை முகத்துவாரத்தில் இருந்து எங்களால் தீர்க்க முடியாது. அதற்குள் இருக்கிற தமிழ் பாதியில் நிற்கிற பிரச்சினையை வேறு யாரும் எங்களுக்காகத் தீர்க்கப் போவதும் இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். நாங்கள் தொடங்கிவிட்டோம். நீங்களும் வாங்க.