துருவும் காப்பும்

இரும்பை உறுதிக்கு உவமை கூறுதல் உலக வழக்கு. ஆயினும் காற்றிலுள்ள உயிர்வளியும் ஈரமும் கூடின் அவ்வுறுதி நாளும் கரைகின்றது. கடற்காற்றின் உப்பு அக்கேட்டினை விரைவுபடுத்தும். நம் தமிழ்த்துறையின் மூலையில் நின்ற இரும்பு அலமாரி இதற்குச் சான்றாயிற்று.

அடித்தட்டின் விளிம்பு அரிக்கப்பட்டிருந்தது; சாம்பல் வண்ணம் செதிள் செதிளாக உதிர்ந்தது. பழைய இரும்புக்கு விற்றுவிடலாம் என்றனர் சிலர். ஆனால் கதவின் உட்புறத்தில், முன்னாள் மாணவர் பத்தொன்பதின்மர் தம் பிரிவு நாளில் அதனைத் துறைக்கு அளித்த செய்தியும், அவர்தம் பெயர்களும் வெள்ளை எழுத்தில் பொறிக்கப்பெற்றிருந்தன. அலமாரி போனால் அப்பெயர்களும் போகும். எனவே புதுப்பிப்பதென முடிவு செய்தோம்.

முதற்கண் மெல்லிய தாளை வைத்துப் பெயர்களைப் படியெடுத்தோம். பின்னர் நூல்களை இறக்கி, அலமாரியைச் சோப்பு நீரால் கழுவினோம். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பூச்சின் தூளில் ஈயம் இருத்தல் கூடும். ஆதலின் முகத்தை மூடிக்கொண்டு, நீர் தொட்டே உப்புத்தாளால் தேய்த்தோம். தேய்த்த இடத்தை உடனே துடைத்து உலர்த்தினோம். இன்றேல் சில மணி நேரத்தில் புதுத் துரு ஏறிவிடும். துருவின் மேலேயே வண்ணம் பூசுதல் பயனற்றது. இரும்பினும் மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்ளும் துரு, அடியில் வளர்ந்து பூச்சினைத் தள்ளி உரித்துவிடும்.

அடுத்து ரெட் ஆக்சைடு பிரைமர் பூசினோம். இங்கே ஒரு வியப்பு உண்டு. அச்செந்நிறப் பொடியும் இரும்பு ஆக்சைடே. துருவுக்கு நெருங்கிய உறவு. பொருபொருவென்று ஈரம் உறிஞ்சி நிற்கையில் இரும்பைத் தின்னும் அவ்வினமே, நுண்பொடியாகிப் பிசினோடு பிணைந்தபின் அதற்குக் காப்பாகின்றது. ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக நிற்கும் தில்லி இரும்புத் தூணைக் காப்பதும், அதிலுள்ள பாஸ்பரசின் துணையால் அதன்மேல் படிந்த மெல்லிய துருப் படலமே என்பர் அறிவியலார். பிரைமர் உலர்ந்தபின் சாம்பல் நிற எனாமலை மெலிதாக இருமுறை பூசினோம். ஒரே முறையில் கனமாகப் பூசினால் மேற்புறம் காய்ந்து உட்புறம் காயாமல் சுருங்கிவிடும்.

எஞ்சியது பெயர் எழுதும் பணி. பதினான்கு பெயர்கள் படியில் தெளிவாக இருந்தன. சிதைந்த நான்கினைப் பழைய வருகைப் பதிவேட்டின் துணையால் நிரப்பினோம். இறுதிப் பெயரில் ‘தீன்’ என்னும் ஈற்றெழுத்துகள் மட்டுமே எஞ்சியிருந்தன. பதிவேட்டிலோ அவ்வாறு முடியும் பெயருடையார் இருவர் இருந்தனர். ஒருவரைத் தேர்ந்து எழுதிவிடலாம்; பார்ப்பவர் எவரும் ஐயுறார் என்றார் நண்பர் ஒருவர். நம் மனம் ஒப்பவில்லை. கொடுத்தவர் பெயரை மறைத்துக் கொடாதவர் பெயரை எழுதுதல் நன்றியாகாது. புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் இன்றளவும் கிடைத்தில. அவ்வெண்களை வெற்றிடமாகவே விட்டனர் பதிப்பாசிரியர். தாமே பாடி நிரப்பினாரல்லர். தமிழ் பயில்வோர்க்கு அதுவே நெறி. ஆதலின் புள்ளிகள் இட்டு, ‘தீன்’ என மட்டும் எழுதச் செய்தோம்.

அலமாரி இன்று புதுப்பொலிவுடன் நிற்கின்றது. இம்மலரைக் காணும் முன்னாள் மாணவர் எவரேனும் அப்பெயரை அறிவாராயின் துறைக்குத் தெரிவிப்பாராக. புள்ளியிட்ட இடம் காத்திருக்கின்றது.