இடியும் சம்பளக் கணக்கும்

மனிதன் அஞ்சியவற்றை வணங்கத் தொடங்கிய காலத்தில் முதலில் வணங்கியவற்றுள் இடியும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். இடி முழங்கினால் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்று கூவும் பாட்டிமார் நம் லயங்களில் இன்றும் உளர். ஆனால் 1752-ஆம் ஆண்டிலேயே, பெஞ்சமின் பிராங்கிளின் எழுதிவைத்த முறைப்படி பிரான்சு நாட்டில் ஒரு நெடிய இரும்புக் கழியை நட்டு, மேகத்தின் மின்சாரத்தால் அதில் பொறி எழுவதைக் கண்டனர். இடி எவருடைய சினமும் அன்று, மின்சாரமே என்பது அன்றே தெளிவாயிற்று. எனினும் அத்தெளிவு நம் தோட்டங்களை இன்னும் முழுதும் வந்தடையவில்லை.

நிற்க. நாம் பேராக்கிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். ஓர் அக்டோபர் மாதத்துக் கடைசி இரவில் காரியாலயத்தின் பின்புறத்துத் தென்னையில் இடி விழுந்தது. மறுநாட்காலை கணினியின் பொத்தானை அழுத்தினோம். விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை. அதனுள்ளே இருந்ததோ நூற்றுச் சொச்சம் பேருடைய ஒரு மாத உழைப்பு. எவர் எத்தனை குலை வெட்டினார், எவர் எத்தனை மூட்டை உதிரிப்பழம் பொறுக்கினார் என்னும் கணக்கெல்லாம் அதிலேதான். சம்பள காலம் முடிந்த 7-ஆம் நாளுக்குள் கூலி கொடுபட வேண்டுமென்பது 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம். அப்பணத்தை நம்பித் தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிச் செலவு மட்டுமன்று, இந்தோனேசியாவிலும் வங்காளதேசத்திலும் பல அடுப்புகளும் காத்திருந்தன.

“ஐயா, முனியாண்டி கோயில் வேம்பை வெட்டினார்களே, அதன் வினை இது. ஒரு தேங்காயை உடைத்துவிட்டுப் பெட்டியைத் தொடுங்கள்” என்றார் வயது முதிர்ந்த மண்டோர் ஒருவர்.

“தேங்காய் உடைப்பதில் தடையில்லை, அண்ணே, சட்டினிக்கு ஆகும். முதலில் கம்பியைப் பார்ப்போம், நீங்கள் விளக்கைப் பிடியுங்கள்” என்றோம்.

பழுது எங்கே என்று அறியும் வழி ஒன்றுதான்: வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போவது. மீட்டர்ப் பலகையில் விழுந்திருந்த விசையை ஏற்றினோம். மேசை விளக்கைச் செருகிப் பார்த்ததில் சுவரில் மின்சாரம் இருந்தது. மின்கம்பியை மாற்றினோம், பயனில்லை. கணினிக்குள்ளே மின்வழங்கி என்றொரு பெட்டியுண்டு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்துக் கொடுப்பது அதன் தொழில். கணினி உறங்கும்போதும் அது சிறிது மின்சாரம் வழங்க, தாய்ப்பலகையில் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவ்விளக்கு அணைந்திருந்தது. ஆகவே மின்வழங்கியின்மேல் ஐயம் கொண்டோம். அப்பெட்டியை மட்டும் எவரும் பிரிக்கலாகாது. கம்பியைப் பிடுங்கிய பின்னரும் ஆளைக் கொல்லத்தக்க மின்சாரம் அதனுள்ளே தங்கியிருக்கக்கூடும்.

பட்டணத்திலிருந்து வேறொரு மின்வழங்கி வாங்கிவந்து மாட்டினோம். விசிறி சுழன்றது, திரையோ இருண்டே இருந்தது. அச்சுப்பொறி, தொலைபேசிக் கம்பியோடு இணைந்த மோடம், வன்தட்டு ஆகிய அனைத்தையும் விலக்கி, நினைவகப் பலகைகளில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தோம். கணினியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை நாம் வரிவரியாகத் தமிழிற் சொல்ல, மண்டோர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென, “ஐயா, மோடக் கம்பி நுழையும் துவாரம் கருகியிருக்கிறதே!” என்றார். ஆங்கிலம் படித்த நம் கண்ணுக்குப் படாதது, காரணம் தாய்மொழியில் விளங்கியதும் அவர் கண்ணுக்குப் பட்டது. இடியின் மின்சாரம் மின்கம்பி வழியாக மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வந்து தாய்ப்பலகையைச் சுட்டுவிட்டது. அதற்கு மருந்தில்லை.

ஆயினும் வன்தட்டு வேறு, தாய்ப்பலகை வேறு. வன்தட்டைக் கழற்றி மற்றொரு கணினியில் இணைத்தோம். கணக்கு முழுவதும் உயிரோடிருந்தது. ஒருகால் அதுவும் கருகியிருந்தாலும், சென்ற மாதம் வரையிலான படிகள் தனியே இருந்தன. அம்மாதத்துக் கணக்கு மண்டோர்களின் வெளிக்காட்டுக் குறிப்பேடுகளில் இருந்தது. 6-ஆம் நாள் சம்பளம் கொடுபட்டது. தேங்காய் இன்னும் உடைபடவில்லை.

நம் நாட்டில் பல இடங்களில் ஆண்டின் ஏறக்குறைய பாதி நாட்களில் இடியோசை கேட்கிறது. ஆகவே இஃது ஒரு தோட்டத்துச் செய்தியன்று. சுவிட்சை அணைத்துவிட்டால் போதுமென்று பலர் எண்ணுகின்றனர். பல மைல் காற்றைக் கிழித்துவரும் மின்னல், சுவிட்சுக்குள்ளிருக்கும் ஒரு நெல்மணி இடைவெளிக்கு அஞ்சி நின்றுவிடுமா? மழை மேகம் திரளும்போதே செருகியையும் பிடுங்க வேண்டும், செப்புத் தொலைபேசிக் கம்பியையும் பிடுங்க வேண்டும். இடி முழங்கத் தொடங்கிய பின்னர் எக்கம்பியையும் தொடலாகாது. பொருள் போனாலும் ஆள் தப்பட்டும். மின்னெழுச்சியைத் தாங்கும் செருகுப்பலகைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை உதவும், ஆனால் அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்துபோகும், பக்கத்திலே விழும் பேரிடியைத் தாங்கவும் மாட்டா.

எல்லாவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. பெட்டி போனால் மற்றொன்று வாங்கலாம். உழைத்தவன் கணக்குப் போனால், அவன் வெயிலில் நின்ற நாளுக்கு எவர் சாட்சி சொல்வார்? முதலாளியின் நினைவா, கிராணியின் வாக்கா? ஆதலின் தோட்டந்தோறும் கணக்கு ஓரிடத்தில் மட்டுமன்றி மூன்றிடத்தில் இருக்கட்டும். அவற்றுள் ஒன்று காரியாலயத்துக்கு வெளியே இருக்கட்டும். தொழிலாளத் தோழர்களும் தத்தம் நாட்கணக்கைத் தத்தம் கையாலேயே ஒரு சிறு ஏட்டில் எழுதி வருவார்களாக. எழுதத் தெரியாதவர்க்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்களாக.