புதன்கிழமை ஊரும் பனி ஹாக்கியும்

வாரத்தின் நாள் ஒன்றையே பெயராகக் கொண்ட ஊர் ஒன்று ருமேனியா தேசத்தில் இருக்கிறது. ருமேனிய பாஷையில் அதற்கு மியர்குரியா சியுக் என்று பெயர். அவ்வூரார் வீட்டில் பேசும் ஹங்கேரிய பாஷையில் சீக்ஸெரெடா. இரண்டிலும் புதன்கிழமை ஒளிந்திருக்கிறது. பழைய நாளில் புதன்தோறும் அங்கே சந்தை கூடியதால் வந்த பெயர் இது. பூகோள பாடம் நடத்துகையில் இந்தப் பெயரைச் சொன்னால் என் மாணாக்கர்கள் சிரிப்பார்கள். ஊரை நேரில் கண்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரஷோவ் நகரில் ரயிலேறி, ஓல்ட் நதி வரும் வழியை எதிர்த்து வடக்கே சென்றோம். சுற்றிலும் மலைகள், நடுவே கிண்ணம் போன்ற ஒரு சமவெளி. குளிர்காற்று அந்தக் கிண்ணத்தில் இறங்கித் தேங்கிவிடுகிறது. ருமேனியாவிலேயே மிகக் குளிர்ந்த ஊர்களில் இது ஒன்று. தை மாதத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்றால் யாரும் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. ரயிலை விட்டு இறங்கியதும் என் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகி, சற்று நேரம் குருடனைப்போல் நின்றேன்.

இந்தக் குளிர்தான் அவ்வூரின் செல்வம். நீரைப் பாய்ச்சி ஓர் இரவு விட்டால் விடியற்காலையில் ஆடுகளம் தயார். நேயர்களுக்கு நம் ஹாக்கி தெரியும். பனி ஹாக்கியில் பந்துக்குப் பதிலாகத் தட்டையான ரப்பர் வில்லை. காலில் இரும்புச் சறுக்கு. கட்சிக்கு ஆறு பேர். ஆட்டம் இருபது நிமிஷங்களாக மூன்று பகுதிகள். வில்லை போகும் வேகத்தில் எனக்கு அது கண்ணில் பட்டதே பாதி நேரம்தான். மற்றப் பாதி நேரம் பக்கத்திலிருந்தவர்களின் கூச்சலைக் கொண்டு ஊகித்துக்கொண்டேன்.

இங்கே கழகம் தோன்றியது 1929-ஆம் ஆண்டில். அப்போது ஊர் ருமேனியாவைச் சேர்ந்து பத்து வருஷந்தான் ஆகியிருந்தது; அதற்கு முன் அது ஹங்கேரி ராஜ்யத்தில் இருந்தது. 1920-ஆம் வருஷத்து உடன்படிக்கை எல்லைக்கோட்டை நகர்த்திற்று. 1940-இல் ஜெர்மனியும் இத்தாலியும் வியன்னாவில் உட்கார்ந்து மறுபடியும் கோட்டை மாற்றி ஊரை ஹங்கேரிக்குக் கொடுத்தன. யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பவும் ருமேனியாவுக்கே வந்தது. இவ்வளவுக்கும் அந்த ஜனங்கள் வீட்டை விட்டு ஓர் அடி நகரவில்லை. ஸேக்கெய் என்னும் பிரிவைச் சேர்ந்த ஹங்கேரியர்கள் அவர்கள். அன்றும் அதே பாஷை, இன்றும் அதே பாஷை.

கழகத்தின் பெயர் மட்டும் சர்க்காருக்கு ஏற்ப மாறிக்கொண்டே வந்தது. பொதுவுடைமை ஆட்சியில் ‘அவன்துல்’ என்றார்கள். எழுச்சி என்று பொருள். பிறகு ‘ரெகோல்டா’, அறுவடை. பின்னர் ‘வொயின்ட்ஸா’, மன உறுதி. இந்த மூன்றாவது பெயரை வைத்த அதிகாரி தன்னை அறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன்.

1949-இல் இக்கழகம் முதன்முறையாக ருமேனியாவின் சாம்பியன் ஆயிற்று. பிற்காலத்து வெற்றிகள் எல்லாவற்றையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். மலைநாட்டுச் சிற்றூர் ஒன்று, ஆகாயத்தின் தயவில் உறைந்த பனியில் பழகிக்கொண்டு தலைநகரத்தாரை வென்றது சாமானியமா? ஐம்பதுகளிலும் வெற்றிகள் வந்தன; 1960-லும் 1963-லும் வந்தன. அதன் பிறகு நீண்ட வறட்சி.

காரணம் புக்கரெஸ்ட். அங்கே இராணுவத்தின் கழகம் ஸ்தேவுவா, உள்நாட்டு இலாகாவின் கழகம் டினாமோ. சம்பளம், வசதி, பதவி எல்லாம் அவற்றின் கையில். சீக் நாட்டில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் தலையெடுத்தால் பெரும்பாலும் அந்த வாசல்களுக்கே போய்ச் சேர்ந்தான். எதிர்த்து ஆட நேர்ந்தவன் சில சமயம் அடுத்த தெருப் பையனாகவே இருப்பான். 1971-இல் ஊருக்குச் செயற்கைப் பனியுடன் அரங்கம் கிடைத்தது. அது இன்று வாக்கார் லாயோஷ் என்னும் அவ்வூர் ஆட்டக்காரரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் அரங்கம் கிடைத்தும் கிண்ணம் கிடைக்கவில்லை. 1989-இல் சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்து, எட்டு வருஷம் கழித்து, 1997-இல்தான் மறுபடியும் பட்டம் வந்தது. இடையில் கழிந்தவை முப்பத்து நான்கு ஆண்டுகள்! அரங்கத்தில் என் அருகிலிருந்த கிழவர் ஒருவர் அந்த எண்ணிக்கையை விரல்விட்டு எனக்குக் காட்டினார். விரல்கள் போதாமல் என் கையையும் பிடித்துக்கொண்டார்.

பின்னர் 2007 முதல் 2013 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றார்கள். 2011-இல் ஹங்கேரியக் கழகங்களும் சேர்ந்து ஆடிய பந்தயத்திலும் முதலிடம்.

ருமேனிய தேசிய அணியில் இவ்வூராரும் பக்கத்து ஊராகிய ஜோர்ஜேனிக்காரரும் நிறைய உண்டு. மார்பில் ருமேனிய நிறங்கள். உடை மாற்றும் அறையில் ஹங்கேரிய பேச்சு. ஹங்கேரியுடன் ஆட்டம் வந்தால், எந்தக் கீதத்துக்கு இவர்கள் உதடு அசைகிறது என்று பார்ப்பதற்கென்றே சிலர் வருகிறார்கள். வில்லையைத் தடுக்க முகத்தைக் கொடுப்பவனிடம் இந்தப் பரீட்சை எதற்கு என்று எனக்குத் தோன்றிற்று. கிழவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்நேரம் பார்த்து உள்ளூர்க் கட்சி ஒரு கோல் போட்டுவிட்டது. மனிதர் எழுந்து நின்று கத்தியதில் அவருடைய கம்பளிக் குல்லாய் என் மடியில் விழுந்தது. ஆட்டம் முடியும் வரையில் அது என்னிடமே இருந்தது.