வாசல் பூக்காரி

2022 மாசியில் ஒரு மத்தியானம் ஆறு பெண்கள் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார்கள். எங்கள் ஊர்த் தேரடிக் கடைவீதியில் பூவும் பழமும் கீரையும் விற்பவர்கள். மூத்தவரான ஆச்சி, சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் பசை காய்வதற்குள் உரித்து, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார். ஏழு நாளுக்குள் நடைபாதையைக் காலி செய்ய வேண்டும் என்றிருந்தது.

"எங்க மாமியா இருந்த எடம்யா அது. அவளுக்குப் பொறவு நான். ஏழு நாள்ல எந்திரின்னா எங்க போவேன்?"

கடைவீதி அப்போது நலிந்துதான் கிடந்தது. புறவழிச்சாலையில் பெரிய ஜவுளிக்கடைகள் வந்தபின் பழைய பஜாருக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது. சாக்கடை மூடிகள் உடைந்து, இரண்டு பக்கமும் பைக்குகள் அடைத்து, நடக்க இடமில்லை. 2019 நவம்பரில் சென்னை பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்த பிறகு, அதுபோல இங்கும் ஒன்று அமைக்க நகராட்சி திட்டம் போட்டது. அகலமான நடைபாதை, கல் இருக்கைகள், தேருக்கு முன்னால் திறந்தவெளி. இதில் எனக்கு மனமார்ந்த சம்மதம். பாண்டி பஜாரைப் போய்ப் பார்த்திருக்கிறேன். கார்கள் பிடித்து வைத்திருந்த இடத்தில் வயதானவர்கள் உட்கார்ந்து பேசுவதும் பிள்ளைகள் ஓடுவதும் சாதாரணக் காரியமில்லை. எங்கள் ஊருக்கும் அது வேண்டும்.

ஆனால் வரைபடத்தை வாங்கி விரித்தபோது மனம் கசந்தது. கடைகளுக்கு நிறம் இருந்தது, மரங்களுக்கு வட்டம் இருந்தது, கார் நிறுத்தத்துக்குக் கோடு இருந்தது, ஏலம் விடப்போகும் எட்டுச் சிற்றுண்டிக் கடைகளுக்கு எண்கூட இருந்தது. தரைக்கடைக்காரர்கள் 64 பேருக்கு ஒரு புள்ளி இல்லை.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டோம். நகராட்சியின் எதிர்வாக்குமூலத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது: ஆக்கிரமிப்பாளர்கள். அதற்குப் பதில் எங்கள் கையில் இருந்தது. ஊரடங்கில் நொடித்துப்போன தெருவோர வியாபாரிகளுக்கு 2020இல் மத்திய அரசுத் திட்டத்தில் வங்கிகள் 10,000 ரூபாய் வரை கடன் கொடுத்தனவல்லவா, அதற்காக இதே நகராட்சி இவர்களில் பலருக்குப் பரிந்துரைக் கடிதம் தந்திருந்தது. 'இவர் தெருவோர வியாபாரி' என்று முத்திரை வைத்த கடிதம். அத்தனையையும் மனுவின் ஆவணத் தொகுப்பில் சேர்த்தேன்.

நீதிபதி அதைப் படித்துவிட்டு நேராகக் கேட்டார்: "வியாபாரம் செய்ய உரிமை உண்டு. இந்த இடத்தில்தான் செய்வேன் என்பதற்கு உரிமை எங்கே?" நியாயமான கேள்வி. 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நடைபாதை வியாபாரத்தை அடிப்படை உரிமையாக ஏற்றது. குறிப்பிட்ட ஓரிடத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்தச் சுவரைத் தாண்ட எனக்கு இருந்த வழி 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம். கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. எங்கள் ஊரில் எட்டு ஆண்டாகியும் அந்தக் கணக்கெடுப்பு முடியவில்லை. அதைவிட முக்கியமானது அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள ஒரு வரி. வாங்குவோரும் விற்போரும் வழக்கமாகக் கூடுகிற இயற்கைச் சந்தையில் ஐம்பது ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடந்திருந்தால், அது பாரம்பரியச் சந்தை. அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது.

வரி இருக்கிறது. தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தவர் ஐம்பது வருஷம் உட்கார்ந்தார் என்பதற்கு எதைக் காட்டுவது? பட்டா கிடையாது, வாடகை ஒப்பந்தம் கிடையாது.

ஆச்சியிடம் கேட்டேன். தினமும் குத்தகைக்காரர் வசூலிக்கும் தரைக் காசுக்குச் சீட்டு உண்டு என்றார். "சீட்ட நான் எங்க வைக்கது? அண்ணாச்சி கடைக் கம்பியிலதான் குத்திருவேன்."

அண்ணாச்சி, ஆச்சி உட்காரும் இடத்துக்குப் பின்னாலிருக்கும் பாத்திரக்கடைக்காரர். வியாபாரிகள் சங்கம் தரைக்கடைகளை அகற்றச் சொல்லிப் போட்ட தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். தயங்கித்தான் போனேன். பில் குத்தும் கம்பிகள் ஏழெட்டு இறக்கிக் கொடுத்தார். சீட்டுகளில் தேதி இருந்தது, தொகை இருந்தது, பெயர் இல்லை. உதவாது என்று எழுந்துவிட்டேன். அவர் பேசாமல் பரணில் ஆளை ஏற்றினார். அப்பா காலத்துப் பேரேடுகள் இறங்கின.

சௌமிய வருஷம், ஆவணி மாதம். அதாவது 1969. 'வாசல் பூக்காரி, பித்தளைக் குடம் 1' என்று பற்று எழுதி, அதன் கீழே வாராவாரம் இரண்டு ரூபாய் வரவு. ஆச்சியின் மாமியார், மகள் கல்யாணச் சீருக்குத் தவணையில் வாங்கிய குடம். அடுத்தடுத்த பேரேடுகளிலும் அதே வாசல் பூக்காரி வந்துகொண்டிருந்தார். பிறகு ஆச்சி வந்தார்.

பேரேட்டை மூடிவிட்டு அண்ணாச்சி சொன்னார்: "சங்கத்துல கையெழுத்துப் போட்டது தப்பு வக்கீலய்யா. பூ வாங்க வாற பொம்பளையோதான் என் கடைக்குள்ள ஏறுதாவ. அவ இல்லாத வாசலுக்கு யாரு வருவா?" இதையே வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். சங்கத்தில் அதற்காக அவர் பட்ட பேச்சு கொஞ்சமல்ல.

முப்பது ஆண்டு கடந்த ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால் அதை உண்மையென அனுமானிக்கலாம் என்பது அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 90ஆம் பிரிவு. அதைச் சொல்லி வாதிட்டேன். 'வாசல்' என்றால் எந்த வாசல், தெருப் பெயர் இல்லையே என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். கடை இடம் மாறவில்லை என்பதற்கு அண்ணாச்சி குடும்பத்தின் பழைய சொத்துவரி ரசீதுகளைக் கொடுத்தோம். பொதுவெளியைச் சிற்றுண்டிக் கடைகளுக்கென்று தனியாருக்கு விடக் கூடாது என்பதற்காக 1991ஆம் ஆண்டின் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் தீர்ப்பையும் எடுத்துவைத்தேன். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்ற தீர்ப்பு அது. எங்கள் வழக்குக்கு அது நேராகப் பொருந்தவில்லை. அங்கே லே-அவுட்டில் ஒதுக்கிய பூங்கா, இங்கே வீதி. நீதிபதி அதை ஏற்கவில்லை, ஏற்காதது சரிதான்.

ஐம்பது ஆண்டா இல்லையா என்ற உண்மை விசாரணை ரிட் மனுவில் நடக்காது என்று நீதிமன்றம் சொன்னது. கணக்கெடுப்பை முடித்து, நகர விற்பனைக் குழுவைக் கூட்டி, பேரேடுகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்; அதுவரை யாரையும் எழுப்பக் கூடாது என்பது உத்தரவு. அந்தக் குழுவில் நூற்றுக்குக் குறைந்தது 40 பேர் தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கீரை விற்கும் ஒரு பெண் அப்படிப் போய் உட்கார்ந்தார். பூவுக்காக யாரும் மாடி ஏற மாட்டார்கள், தரைக்கடைகளுக்கென்று தனி மாடிக் கட்டடம் வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே அவர் சொன்னதைக் குழு குறித்துக்கொண்டது. கார் நிறுத்தம் வரைபடத்திலிருந்து போனது. அந்தப் பட்டையில் தரைக்கடைகள் வந்தன.

வீதி இப்போது நன்றாக இருக்கிறது. சாயங்காலம் தோவாளைப் பிச்சிப்பூ வாசத்தில் கல் இருக்கைகள் நிறைந்துவிடுகின்றன. மூடிக் கிடந்த இரண்டு பழைய கடைகள் திறந்திருக்கின்றன. ஆனால் விற்பனைச் சான்று கிடைத்தது 57 பேருக்குத்தான். வீதியைத் தோண்டிப் போட்டிருந்த பதினான்கு மாதத்தில் ஏழு பேர் தொழிலையே விட்டுவிட்டார்கள். வேலை நடக்கும் காலத்துக்கு மாற்றிடம் தரவேண்டும் என்று மனுவில் ஒரு வரி நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் தவறு.

அந்த ஏழு பேரில் கொய்யாப்பழம் விற்றவர் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அடுத்த கணக்கு எப்பம் எடுப்பாவ?" என்று கேட்கிறார். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர் பெயரை முதலாவதாக எழுதி, மனுவைத் தயாராக வைத்திருக்கிறேன்.