தங்கமணி பத்தாவது எழுதிய கதை

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவர் முப்பது வயதுக்கு அருகில் மறுபடி ஆரம்பித்துப் பட்டம் வாங்க முடியுமா? முடியும். எங்கள் வீட்டுத் தங்கமணியே சாட்சி. ஆனால் இது அவர் புகழ் பாடும் பதிவு மட்டும் இல்லை (அதுவும் கொஞ்சம் உண்டு, ராத்திரிச் சாப்பாடு முக்கியம் :-) ). "பத்தாவதும் வேணாம், பிளஸ் டூவும் வேணாம், நேரா டிகிரி" என்று யாராவது சொன்னால் வெளிமாநிலத்தில் இருக்கும் நம்மாட்கள் பலர் நம்பிவிடுகிறார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லத்தான் இது.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி.

தங்கமணி பிறந்து வளர்ந்தது மும்பை தாராவியில். மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர். வீட்டுக்குப் பக்கத்திலேயே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. அங்கே முதல் மூன்று ரேங்குக்குள் வந்துகொண்டிருந்தவர். ஆனால் அந்தப் பள்ளி ஏழாவதோடு முடிந்துவிட்டது. எட்டாவதுக்கு வேறு பள்ளி, இங்கிலீஷ் மீடியம். "டீச்சர் கேக்குற கேள்விக்கு பதில் தெரியும்ங்க. தமிழ்ல தெரியும்" என்பார். அந்த வருடக் கடைசியில் பெயில். அது 1996. வீட்டில் தையல் மிஷின் வாங்கிப் போட்டார்கள். படிப்பு அத்தோடு சரி.

அதே தெருவில் இப்படி நின்றுபோன பிள்ளைகள் இன்னும் பலர். யாரும் மக்கு இல்லை. பாடம் புரியாமல் நிற்கவில்லை, பாஷை மாறிய இடத்தில் நின்றுவிட்டார்கள்.

2004ல் எங்கள் கல்யாணம். 2010ல் புனேயில் பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனோம். படிவத்தில் 'தாயின் கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம். அதுவரை எல்லாவற்றையும் அழகாக நிரப்பிக்கொண்டு வந்தவர், பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். இரண்டு நாள் கழித்து, ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே, "ஏங்க, நான் இப்ப படிக்கிறேன்னு போனா சேத்துப்பாங்களா?" என்றார்.

விசாரித்ததில் இரண்டு வழி தெரிந்தது.

முதல் வழி குறுக்கு வழி. அதைப் போலி என்று நினைக்க வேண்டாம், சட்டப்படி இருந்த வழிதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிமுறையிலேயே அதற்கு இடம் இருந்தது. பள்ளிச் சான்றிதழ் எதுவும் இல்லாதவர், 21 வயது நிறைந்திருந்து, பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேறினால் தொலைதூர முறையில் முதல் பட்டத்தில் சேரலாம். இக்னோவும் பி.பி.பி. என்ற ஆறு மாதத் தயாரிப்புப் படிப்பை நடத்தியது. மூன்று பாடத்தில் இரண்டை எழுதித் தேறினால் பட்டப் படிப்புக்குள் போய்விடலாம். ஆனால் அது உள்ளே நுழைவதற்கு மட்டும்தான். பிளஸ் டூவுக்குச் சமம் கிடையாது.

இந்தக் கடைசி வரியில்தான் பல பேர் மாட்டிக்கொண்டார்கள். தங்கமணியின் சித்தி பெண் இந்த வழியில் போய் ஒழுங்காகப் படித்து பி.ஏ. முடித்தவர். ஒரு அலுவலகத்தில் நேர்முகம் எல்லாம் முடிந்து, "பிளஸ் டூ மார்க் ஷீட்?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் ஃபைலை மூடிக் கையில் கொடுத்துவிட்டார்கள். மூன்று வருஷப் படிப்பு அந்த மேஜையில் செல்லாக்காசு.

ஊர்ப் பக்கமும் இதே கதைதான். அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தவெளி முறையில் நேராக வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்றது. அதே வருடம் ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் 107ஆம் எண் அரசாணை வந்தது. பத்து, பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஆகாது என்று அதில் சொல்லிவிட்டார்கள். படித்தது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சம்பளத்துக்காகப் படிப்பவர்கள் நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால், அந்தப் படியைப் பற்றித்தான் வாழ்நாள் முழுக்கக் கேட்பார்கள்.

இரண்டாவது, சுற்று வழி. என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி. மத்திய அரசினுடையது, 1989ல் தொடங்கியது. இதில் பத்தாவதில் சேர எட்டாவது பாஸ் சான்றிதழ்கூடக் கட்டாயம் இல்லை. 'பத்தாவது படிக்கும் அளவுக்குப் படித்திருக்கிறேன்' என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். வயதுக்கு மட்டும் ஆதாரம் வேண்டும். மொத்தம் ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். கணக்கு கட்டாயமில்லை. வருடத்துக்கு இரண்டு பொதுத் தேர்வு. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. எழுதித் தேறிய பாடம் அப்படியே நிற்கும், மற்றதை மட்டும் அடுத்த முறை எழுதலாம். ஆர்.டி. கணக்கு மாதிரி, போட்டது போட்டதுதான்.

தங்கமணி ஹிந்தி மீடியம் எடுத்தார். தாராவியில் வளர்ந்தவருக்கு ஹிந்தி தண்ணி பட்ட பாடு. பாடங்கள்: தமிழ், ஆங்கிலம், மனையியல், சமூக அறிவியல், வணிகவியல். ஆங்கிலம் எடுக்காமலே தேறியிருக்கலாம். நான் அதைச் சொன்னபோது, "அதாலதானே நின்னேன், அதை எழுதாம எப்படி?" என்றார். தமிழை எடுத்தது ஏன் என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து பையன் பள்ளி விட்டு வரும்வரை படிப்பு. சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பையனுக்கு இவர் டிக்டேஷன் போடுவார், பிறகு இவருக்குப் பையன் போடுவான். அவன் கொஞ்சமும் இரக்கம் இல்லாத வாத்தியார். நாலு பாடம் முதல் தடவையே தேறியது. ஆங்கிலம் இரண்டு முறை போய் மூன்றாம் முறை, 42 மார்க். அந்த 42க்கு நாங்கள் ஓட்டலுக்குப் போனோம்.

பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இரண்டு வருட இடைவெளி வேண்டும் என்பது விதி. அதற்குள் எனக்கு நாக்பூருக்கு மாற்றல். என்.ஐ.ஓ.எஸ்., இக்னோ இரண்டும் நாடு முழுக்க இருப்பதால் படிப்பு நிற்கவில்லை. நம்மைப் போன்ற மாற்றல் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி. 2014ல் பன்னிரண்டு. அதே ஜூலையில் இக்னோவில் பி.காம். மூன்று வருடப் படிப்பு, ஆறு வருடம் வரை நேரம் தருவார்கள். இவர் நாலு வருடத்தில், 2018ல் முடித்தார். வயது 36.

அடுத்த வருடம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கர் வேலை. நேர்முகத்தில் மூன்று சான்றிதழையும் வரிசையாக வைத்தாராம். பார்த்தவர் ஒவ்வொன்றிலும் வருடத்தைப் பார்த்துவிட்டு, "லேட்டா ஆரம்பிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாராம். "ஆமா சார், வரிசையா வந்தேன்" என்றாராம் இவர்.

சேர நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, வயது வரம்பு. வங்கிக் கிளார்க் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 28 வயது. பட்டம் இருந்தாலும் அந்தக் கதவு மூடியிருக்கும். எந்த வேலை என்று தீர்மானித்து, அதன் விளம்பரத்தில் என்ன தகுதி, என்ன வயது என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். இரண்டாவது, பெயர். மகாராஷ்டிரப் படிவங்களில் 'ஆட்நாவ்' என்று குடும்பப் பெயர் கேட்பார்கள். நமக்கு அது கிடையாது. ஒரு இடத்தில் அப்பா பெயர், இன்னொரு இடத்தில் புருஷன் பெயர் என்று எழுதினால் கடைசியில் மூன்று சான்றிதழில் மூன்று பெண்கள் இருப்பார்கள். முதல் படிவத்தில் எழுதியதையே கடைசி வரை எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நின்றுபோன பள்ளியில் கொடுத்த 'தாக்லா'வைத் தேடி எடுங்கள். பிறந்த தேதிக்கு அது உதவும். தங்கமணியுடையது மாமியார் வீட்டு டிரங்குப் பெட்டியில், பழைய ரேஷன் கார்டுக்கு அடியில், நாலாக மடித்து பத்திரமாக இருந்தது.